மதிலுக்குள் ஓர் ஏச்சுப் பாட்டு

கல்யாணப் பெண்ணை அழவைப்பது என் தொழில். தலை சீவுவது, முகத்து மயிரை நூல் போட்டு எடுப்பது, பல்லக்கு வரைக்கும் பெண்ணை முதுகில் சுமந்து போவது, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நாலு நல்ல வார்த்தை சொல்வது எல்லாமும் என் வேலைதான். ஆனால் யூன் லோங் சந்தைக்கு என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "ஃபுங் அக்கா, பொண்ண நல்லா அழவைப்பீங்கதானே?"

எங்கள் பக்கத்து மதிலூர்களில் அப்படித்தான். பெண் புறப்படுவதற்கு முன் மூன்று நாள் பரண்மேல் தோழிகளோடு உட்கார்ந்து அழுகைப் பாட்டுப் பாட வேண்டும். பெற்றவர்களை நினைத்து அழ வேண்டும், தரகுக்காரியைத் திட்டி அழ வேண்டும், மாப்பிள்ளை வீட்டைப் பழித்து அழ வேண்டும். பாட்டில் என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, எதிர்ப்பேச்சும் பேசக் கூடாது. ஒரு பெண்ணின் ஆயுளில் அந்த மூன்று நாள்தான் அப்படி. அழாமல் போகிறவளைப் பற்றி, போகிற ஊரிலும் பேசுவார்கள், விட்டுப் போகிற ஊரிலும் பேசுவார்கள்.

மூய் தோங் மதிலூருக்கு நான் பெட்டியும் குடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் போக நெல் அறுத்து முடிந்திருந்தது. ஜப்பான்காரன் தோற்றுப் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். வடக்குக் காற்று வறண்டு வீசியது. மதிலுக்கு வெளியே களத்தில் நெல் காய்ந்தது. அகழித் தண்ணீர் வற்றி, வாத்துகள் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. அந்த ஊருக்கு ஒரே வாசல். வளையம் வளையமாக இரும்பில் கோத்த இரட்டைக் கதவு. உள்ளே போனால் நேராக ஒரு சந்து, அதன் கோடியில் சாமி. இரண்டு பக்கமும் குறுக்குச் சந்துகள். சுமைக்கோலோடு எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் யார் பின்னால் நகர்வது என்று ஒரு சண்டை போட்டுத்தான் தீர வேண்டும். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து முன்னோர் கட்டிய மதில். அதற்குள் இருக்கிற ஆண்கள் எல்லோருக்கும் யிம் என்ற ஒரே குலப்பெயர். பெண்கள் எல்லோரும் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போகப் போகிறவர்கள்.

என்னை அழைத்திருந்தது சூன்ஹோ. மதிலை ஒட்டிய முதல் சந்தில் வீடு. புருஷன் செத்துப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள் சொய்லின். சோயாக் கட்டியைச் சிவப்பரிசி சேர்த்துப் புளிக்கவைத்து ஜாடி ஜாடியாக விற்று அந்தப் பெண்ணை வளர்த்தாள். அவள் ஜாடியைத் திறந்தால் அடுத்த சந்தில் இருப்பவனுக்குக் கஞ்சி கூடுதலாக இரண்டு கிண்ணம் இறங்கும்.

முதல் நாள் சாயங்காலம் பரண்மேல் பெண்ணை உட்காரவைத்து, தோழிகளைச் சுற்றி உட்காரவைத்து, நான் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். தோழிகள் நாலு பேரும் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அருமையாக அழ ஆரம்பித்தார்கள். சொய்லினும் கைக்குட்டையை எடுத்தாள். தோள் குலுங்கியது. அடடா, பெண்ணுக்கு உடனே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு நான் கைக்குட்டையை விலக்கிப் பார்த்தால், சிரிக்கிறாள்.

"ஏண்டி சிரிக்கிற?"

"தெரியலக்கா. இவ மூக்கு சிவந்து போயிருக்கறதப் பாத்தா சிரிப்பு வருது."

"அம்மாவ விட்டுப் போறியே, அத நினைச்சுப் பாரு."

"நினைச்சேன்க்கா. அம்மா விடிகாலையில சோயா அரைக்க எழுந்து, தூக்கத்துல என் செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுப் போவாங்க. அது ஞாபகம் வந்துருச்சு." மறுபடி சிரிப்பு.

இஞ்சிச் சாறு தடவிய கைக்குட்டை கொடுத்தேன். கண் கலங்கியது, சிரிப்பு நிற்கவில்லை. தரகுக்காரியை ஏசுகிற பாட்டைப் பாடு, அதில் ஆத்திரமாவது வரும் என்றேன். பாடினாள்.

"ஆத்தோரத் தவளபோல வாய்பொளந்த கிழவி
அடுத்தவீட்டுக் கோழிக்காக என்னைய வித்த கிழவி..."

முடிப்பதற்குள் ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். கீழே சந்தில் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் "என்ன, அழுகை வீடா, கூத்துக் கொட்டகையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு தோழிகளில் ஒருத்தி என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை பேர் யாவ்சோங், கடலோரத்தில் சிப்பி வளர்க்கிறவன். பார்க்காமலே முடித்த சம்பந்தம் என்று பேர். ஆனால் சொய்லின் சந்தையில் அம்மாவின் ஜாடிகளோடு உட்கார்ந்திருந்த காலத்திலேயே எதிர்வரிசையில் அவன் சிப்பி உடைத்து விற்பதைப் பார்த்திருக்கிறாள். அவனும் தேவையில்லாமல் எத்தனையோ ஜாடி வாங்கியிருக்கிறான். அவன் வீட்டில் யாருமே அந்தச் சோயாக் கட்டியைச் சாப்பிட மாட்டார்களாம்.

"அவங்க வீட்டு வாசல்ல நின்னா கடல் தெரியுமாம் அக்கா" என்றாள் சொய்லின். "இங்க தலையத் தூக்கினா ஒரு துண்டு வானம் தெரியும், அதுலயும் பாதி பக்கத்து வீட்டுக் கூரை."

இப்படிப்பட்டவளை எந்த இஞ்சி அழவைக்கும்?

விளக்கு வைத்ததும் நான் கீழே இறங்கி வந்து சூன்ஹோவிடம் கையை விரித்தேன். அவள் அடுப்பில் வாத்துக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அவ அழலைன்னா விட்டுருங்கக்கா. சிரிச்சுக்கிட்டே போகட்டும். அப்புறம் அழறதுக்கு வேணுங்கறது இருக்கு."

"அதென்ன அப்புறம்?"

அவள் மேலே பரணைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வீடு இனிமே நமக்கில்லக்கா. ஆம்பளை இல்லாத வீடு பாருங்க. இவ அப்பா பேருக்குக் கொழுந்தன் மகன் மான்ஹோய்தான் வாரிசுன்னு குல மண்டபத்துல பெரியவங்க சொல்லிட்டாங்க. வருஷம் பொறந்ததும் அவனுக்குக் கல்யாணம். பொண்டாட்டியோட இங்க வந்துருவான்."

"வரட்டுமே. நீ?"

"வெளிய குளத்தங்கரைல அவங்க பன்னிக் கொட்டில் இருக்குல்ல, அதுல ஒரு பக்கம் தடுப்புச் சுவர் எடுத்துத் தரோம்னு ஆ லான் சொல்லியிருக்கா." ஆ லான் என்பது கொழுந்தன் பெண்டாட்டி.

"பன்னியோடயா?"

"பன்னிகள வித்துருவாங்களாம்." கரண்டியைத் தட்டிவிட்டு, "ஒண்ண மட்டும் வச்சுக்குவாங்களாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளே சிரித்தாள். மகளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. "சொய்லினுக்குத் தெரிய வேணாம். கல்யாணம் முடியட்டும்" என்றாள். இந்த ஒரு வார்த்தையைப் போய்ப் பரண்மேல் சொன்னால் பெண் ஊரே கேட்கும்படி அழுவாள், என் வேலையும் முடியும். அது எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வாத்துக்கறி தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் மூடிய வாய் வீணாகப் போனது. இரண்டாம் நாளும் சிரிப்பிலேயே போக, மூன்றாம் நாள் காலை ஆ லான் கையில் ஒரு மூங்கில் குச்சியோடு வந்தாள். பெண்கள் எல்லோரும் கிணற்றடிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்போல. விறுவிறுவென்று ஏணியில் ஏறி, குனிந்து, குச்சியைப் பரண் பலகையில் வைத்து அளக்க ஆரம்பித்தாள். சுவரோரம் போர்வைக்குள் சுருண்டிருந்த சொய்லின் தலையை நீட்டினாள்.

"என்ன சித்தி அளக்கறீங்க?"

ஆ லான் குச்சியைக் கீழே போட்டாள். "ஒண்ணுமில்ல... பலகை... கரையான் அரிச்சிருக்கான்னு..."

"கரையானுக்கு நீளம் எதுக்கு?"

"கட்டில் போடணும்னா..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு ஆ லான் ஏணியில் இறங்கினாள். பாதி ஏணியில் கால் தடுக்கி, மீதியை உட்கார்ந்தபடியே இறங்கினாள்.

சொய்லின் நேராக அம்மாவிடம் போனாள். நான் அவள் பின்னாலேயே போனேன். சூன்ஹோ ஒன்றும் மறைக்கவில்லை. மறைக்க வராது அவளுக்கு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அதெல்லாம் கொட்டில் நல்லாத்தான் இருக்கும். காத்து வரும்" என்றாள்.

இப்போது அழுவாள் என்று நான் கைக்குட்டையைத் தயாராக எடுத்தேன். சொய்லின் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. முகம் சூடாகச் சிவந்து, உதட்டை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பாட்டுல யார வேணா ஏசலாம்னுதானே வழக்கம்?"

"ஆமா. தரகுக்காரிய, மாமியார..."

"சித்தப்பாவ?"

"ஏசலாம். பெத்தவங்களையே ஏசறாங்க. ஆனா பாரு, நாளைக்கு அவர் கையால சமைச்ச கறிதான்..."

"அது போதும்க்கா" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள்.

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ஃபாய் கெட்ட மனுஷன் இல்லை. அந்த வட்டாரத்தில் தொட்டிக்கறி சமைக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. கல்யாணம், கோயில், முன்னோர் படையல் எதுவானாலும் மதில் வாசலுக்கு வெளியே திறந்த வெளியில் செங்கல் அடுப்பு வைத்து, விறகு போட்டு, பெரிய மரத்தொட்டியில் அடுக்குவான். அடியில் வெள்ளை முள்ளங்கி, அதன்மேல் காய்ந்த பன்றித்தோல், மூங்கில் குருத்து, பொரித்த மீன், அதற்கும் மேலே நாள் முழுக்க வெந்த பன்றிக்கறி, உச்சியில் கோழியும் வாத்தும். ஒரு தொட்டியைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து மேலிருந்து கீழே தோண்டிக்கொண்டே போவார்கள். நாட்டாமையும் அதில்தான் சாப்பிடுவார், மாடு மேய்க்கிறவனும் அதில்தான் சாப்பிடுவான். அந்தக் கறிக்கு உயிரே சூன்ஹோவின் புளித்த சோயாக் கட்டிதான். வேறு யார் ஜாடியையும் கம்ஃபாய் தொட மாட்டான்.

அன்று மத்தியானம் நான் வெளியே வந்தபோதே அடுப்பு மூட்டியாயிற்று. ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் முள்ளங்கி சீவிக்கொண்டும், கோழி உரித்துக்கொண்டும், வேலை செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். குலத்துக்கே மூத்தவர், உடன்பிறந்தவர்களில் ஏழாமவர் என்பதால் ஏழாம் பெரியவர் என்று பேர், அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பக்கத்தில் வெடி வெடித்தால் "யாராவது கூப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.

பரண் ஜன்னல் கையகலம்தான். அது மதில் பக்கம் பார்த்து இருக்கிறது. அதன் வழியாக சொய்லின் குரல் கிளம்பி, மதிலைத் தாண்டி, அடுப்புப் புகையோடு சேர்ந்து வந்தது. நான் சொல்லிக் கொடுத்த பாட்டு இல்லை அது.

"மண்ணெடுத்து மதிலு கட்ட சுமந்துவந்தா ஆத்தா
மதிலுக்குள்ள இடமில்லைன்னா யாருக்காகக் காத்தா?
கொள்ளக்காரன் வந்தபோது கொதிகஞ்சி ஊத்தி
கோட்டையக் காத்ததெல்லாம் வாக்கப்பட்ட ஆத்தா!"

முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கொதிகஞ்சிக் கதை எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் ஆண்கள் சொல்லும்போது அந்தக் கஞ்சி தானாகவே மதில் மேல் ஏறிக் கொட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"நல்லா எடுக்கறாளே" என்றான் ஒருவன்.

கம்ஃபாய் பெருமையாகத் தலையாட்டினான். "எங்கண்ணன் மக."

அடுத்த அடி வந்தது.

"சித்தப்பனுக்குக் கறிச்சோறு, சித்தப்பன் மகனுக்குக் கட்டில்
செத்துப்போன அண்ணன் பொண்டாட்டிக்குப் பன்னியோட கொட்டில்!"

கம்ஃபாய் கையிலிருந்த உப்பை அப்படியே சட்டியில் போட்டான். போட்டதை மறந்து இன்னொரு பிடி போட்டான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கோழியைத்தான் பார்த்தார்கள். ஒருவன் உரித்து முடித்த கோழியையே மறுபடி உரித்தான்.

பாட்டு நிற்கவில்லை. தோழிகளும் சேர்ந்துகொண்டார்கள். சந்துகளில் பெண்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஆ லான் குச்சி வைத்து அளந்ததையும் உட்கார்ந்தபடியே ஏணி இறங்கியதையும் சொய்லின் பாட்டாகக் கட்டி இறக்கியபோது சந்தே குலுங்கியது. ஆ லான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்த்துப் பேச முடியாதே! மணப்பெண் பாட்டு.

நான் சூன்ஹோவிடம் திரும்பி வந்த நேரம், கறிக்குச் சோயாக் கட்டி போடும் வேளையும் வந்துவிட்டது. கம்ஃபாய்க்கு வேறு வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசல் வழியாக உள்ளே வந்து, முக்காலிகளுக்கு நடுவில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, அண்ணன் வீட்டு வாசலில் நின்றான். தலைக்கு மேலே பரணில் பாட்டு.

"மதினி... ஜாடி..." என்றான்.

சூன்ஹோ நல்ல ஜாடியாகப் பார்த்து எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஓடியே போனான். ஏசினதைவிட அந்தத் துடைத்த ஜாடிதான் அவனைச் சுட்டது என்று எனக்குத் தோன்றியது.

நான் பின்னாலேயே வாசலுக்குப் போனேன், விறகுப் புகையில் நின்று வேடிக்கை பார்க்க. ஏழாம் பெரியவர் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா நடக்குது? எல்லாரும் ஏன் கம்ஃபாயப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

"பொண்ணு அழுவுது பெரியப்பா!" என்று கம்ஃபாய் அவர் காதில் கத்தினான்.

"அழுவட்டும், நல்லது. என்ன சொல்லி அழுவுறா?"

கம்ஃபாய் சுற்றிலும் பார்த்தான். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. பெரியவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"கொட்டில பத்தி..." என்றான்.

"என்ன?"

"கொட்டில்! பன்னிக் கொட்டில்!"

"பன்னி வாங்கிட்டியா? என்ன எடை?"

"பன்னி இல்ல பெரியப்பா! மதினி!"

"மதினி பன்னி வாங்கிட்டாளா?"

கம்ஃபாய்க்குத் தொண்டை நரம்பு புடைத்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினான். "மதினியப் பன்னிக் கொட்டில்ல வைக்கப் போறேன்! அதச் சொல்லி ஏசறா!"

அந்த மதில் நல்ல மதில். சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொட்டில்ல வைக்கப் போறேன், ஏசறா என்று ஒரு தரம் கேட்டது. பரணில் பாட்டு நின்றுபோயிற்று. வாத்துகூடக் கத்தவில்லை.

ஏழாம் பெரியவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வைக்கப் போறியா?"

"...ஆமா."

"என்ன?"

"ஆமா! ஆமா!"

"யாருடா சொன்னது? மான்ஹோய் வாரிசுன்னு சொன்னோம். வாரிசுன்னா அந்த வீட்டுத் தாய்க்குச் சோறு போடறவன். தாயத் தூக்கி வெளிய போடறவன்னு உனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?"

அப்போதுதான் கம்ஃபாய்க்கு உடைந்தது. அகப்பையைத் தரையில் போட்டுவிட்டு, பெரியவர் காது என்று நினைத்து ஊர்க்காது முழுக்கக் கத்தினான்.

"எனக்கு மட்டும் ஆசையா பெரியப்பா? ஒரே அறை! எட்டு உசுரு! ராத்திரி ஒருத்தன் திரும்பிப் படுத்தா எல்லாரும் திரும்பணும்! மான்ஹோய் சாப்பாட்டு மேசை மேல படுக்கறான், கால் ஜன்னலுக்கு வெளிய தொங்குது! புதுப்பொண்ணு வந்தா அந்தப் புள்ளைய எங்க படுக்கவைப்பேன்? மேசைக்குக் கீழயா? எம் பொண்டாட்டி தூங்கி எத்தன நாளாச்சுன்னு கேளுங்க!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவர்கள் வீடுகளிலும் மேசை மேல் யாராவது படுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மதிலை இன்னும் தள்ளிக் கட்டியிருக்கக் கூடாதா முன்னோர் என்று ஒவ்வொருவனும் ஒரு தரமாவது நினைத்திருப்பான்.

என் முதுகில் ஒரு கை பட்டது. சூன்ஹோ என்னை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். இடுப்பில் கைதுடைக்கும் துணி செருகியபடி, கையில் சோயா வாசனையோடு, கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"இடம் வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா தர மாட்டீங்கன்னு..."

"கேட்டுப் பாத்தாத்தானே அது தெரியும்? மண்டபத்துல போய்க் கேட்ட. பெரியவங்ககிட்டக் கேட்ட. உன் பொண்டாட்டி குச்சிகிட்டக் கேட்டா. பத்தடி தூரத்துல இருக்கறவகிட்ட யாரும் கேக்கல."

கம்ஃபாய் அகப்பையைப் பொறுக்கினான். துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"பரண் மான்ஹோய்க்கும் அவன் பொண்டாட்டிக்கும்" என்றாள் சூன்ஹோ. "கீழ் அறை எனக்கு. அடுப்பு எனக்கு. ஜாடி வைக்கிற மூலை எனக்கு. வாசல் சாவி என் இடுப்புல இருக்கும். சம்மதமா?"

சத்தம் கேட்டு ஆ லான் எப்போது கதவைத் திறந்து வந்தாள் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "அடுப்பு மட்டும் பொதுவா வச்சுக்கிட்டா, மருமகளுக்கும்..." என்று இழுத்தாள்.

"அடுப்பு எனக்கு" என்றாள் சூன்ஹோ.

"அடுப்பு அவங்களுக்குடி!" என்று கம்ஃபாய் பெண்டாட்டியை அதட்டினான். அதட்டும்போதே அவன் முகம் தெளிந்துவிட்டது.

"என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்று ஏழாம் பெரியவர் துடித்தார். கம்ஃபாய் மறுபடி அவர் காதருகே குனிந்தான். இந்தத் தரம் கத்துவதில் அவனுக்குக் கஷ்டமே இல்லை. "மதினி பரணத் தராங்க! வீட்ட விட்டு எங்கயும் போகல! அடுப்பும் சாவியும் அவங்களோடது!" மதில் அதையும் ஒரு தரம் திருப்பிச் சொன்னது. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அத்தனை பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அப்படித்தானே நான் சொன்னேன்" என்றார் பெரியவர். கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "டேய், உப்பு!"

கம்ஃபாய் இன்னும் இரண்டு கூடை முள்ளங்கி வாங்கி வரச் சொன்னான்.

சொய்லின் பாட்டை முடிக்க வேண்டியிருந்தது. ஏசினவள் வாழ்த்தாமல் விடக் கூடாது. சாயங்காலம் காற்று அடங்கியதும் குரல் மறுபடி வந்தது. இப்போது மெல்ல.

"தோளுமேல தூக்கிவச்சு விளக்குக் காட்டுன சித்தப்பா
தூத்திப் பேசுன வாய்க்கு நீயே சோறு ஊட்டு சித்தப்பா..."

கம்ஃபாய் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். முதுகு எங்கள் பக்கம். "புகை" என்றான், யாரும் கேட்காமலே. "பச்ச விறகு. கண்ணு எரியுது." விறகு நன்றாகக் காய்ந்த லிச்சி மரம்; நானே பார்த்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அவளைச் சிவப்பு உடுத்தி, முக்காடு போட்டு, முதுகில் சுமந்துகொண்டு சந்து வழியாக வந்தேன். கனத்த பெண். இரண்டு பக்கமும் முழங்கை உரசியது. அந்த இரும்பு வாசலைத் தாண்டிப் பல்லக்கில் உட்காரவைத்தபோது பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அழவேண்டியவள் முக்காட்டுக்குள்ளிருந்து, "அக்கா, கறி மணக்குதே, கொஞ்சம் எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தாள்.

கடலோர ஊரில் அவள் மாமியார் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டாள். "பொண்ணு நல்லா அழுதாளா?"

"பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது" என்றேன். பொய்யில்லை.

மறுநாள் திரும்பும் வழியில் மூய் தோங் மதிலூருக்குள் நுழைந்தேன். எனக்குச் சேரவேண்டிய பன்றித் தொடையை கம்ஃபாய் எடுத்து வைத்திருந்தான். முதல் சந்தில் திரும்பும்போதே சூன்ஹோ வீட்டில் சத்தம். கல்யாணம் வருஷம் பிறந்த பிறகுதான் என்றாலும் மான்ஹோய் அப்போதே போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தனியாக வந்தால் பரவாயில்லை. அண்ணன் போகிறானே என்று தம்பிகள் மூன்று பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒருவன் ஏணியில், ஒருவன் ஜாடிகளுக்கு நடுவில்.

"பரண் ஒருத்தனுக்குத்தானே சொன்னேன்! ஜாடியத் தொடாதடா! கையக் கழுவினியா?" சூன்ஹோ அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாருங்கக்கா இந்தக் கொடுமைய. இனி நிம்மதியா ஒரு வாய் கஞ்சி குடிக்கலாம்னு பாத்தேன்" என்றாள். அடுப்பில் பெரிய பானை ஏறியிருந்தது. வீட்டில் ஒருத்திக்கு அத்தனை பெரிய பானை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உட்காரவைத்துக் கிண்ணத்தில் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி கேட்டாள். "வழியில அழுதாளா?"

"ஒரு சொட்டு இல்ல. பாலம் தாண்டறதுக்குள்ள பல்லக்குல தூங்கிட்டா. குறட்டை விட்டா. தூக்கறவங்க சிரிச்சு சிரிச்சு ரெண்டு தரம் இறக்கி வச்சாங்க."

சூன்ஹோ சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை. அகப்பை கையிலிருக்க, முகத்தை மூடாமல், சத்தமாகவே அழுதாள். மூன்று நாளாக அந்த வீட்டில் நான் எதிர்பார்த்திருந்த அழுகை எல்லாம் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

பையன்கள் நாலு பேரும் விறைத்துப் போனார்கள். மான்ஹோய் போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டான். பெரிய உடம்பு, பரண் விட்டத்தில் தலை இடித்துக்கொண்டு நின்றான்.

"பெரியம்மா... வேணும்னா நாங்க எங்க வீட்டுக்கே போயிடறோம்."

"எங்கடா போற, சோறு ஆறுது" என்று அழுதுகொண்டே அதட்டினாள் சூன்ஹோ. "உக்காரு. எல்லாரும் உக்காருங்க."